பழகாத இரும்பு

தை பிறந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை கார் வந்தது. கோயில் வாசலில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டு, "மெதுவா எடுங்கோ" என்றார். எடுத்தேன். முன்னால் இரண்டு பழமும் நசுங்கின. பின்னால் இடப்பக்கமும் நசுங்கியது. வலப்பக்கத்துப் பழம் மட்டும் டயருக்கு அகப்படாமல் வழுக்கி உருண்டு, பூக்காரம்மாவின் பலகைக்கு அடியில் போய் நின்றுகொண்டது. அவர் அதை எடுத்துக் கொண்டுவந்து மறுபடி வைக்கக் குனிந்தபோது வண்டி நகர்ந்துவிட்டிருந்தது. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் நாற்பது நாள் கழித்து வில்லங்கம் வந்தது அதே வலப் பின் சக்கரத்தில்தான் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கண்டுபிடித்தது நான் அல்ல. எங்கள் அடுக்ககத்துக்கு விடியற்காலையில் வாளியும் துணியுமாக வந்து இருபது கார் துடைத்துவிட்டுப் போகும் தம்பி. "சார், புது வண்டி, அதுக்குள்ள துரு புடிச்சிருச்சு பாருங்க." குனிந்து பார்த்தேன், தெரியவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அலாய் சக்கரத்தின் கால்களுக்கு நடுவே பிரேக் டிஸ்க் தெரிந்தது. ராத்திரி கழுவித் துடைக்காமல் கவிழ்த்துவைத்த தோசைக்கல்லில் காலையில் ஒரு ஆரஞ்சு நிறம் பூத்திருக்குமே, அதே நிறம்.

அந்தத் துருவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. டிஸ்க் என்பது சாதாரண வார்ப்பிரும்பு. நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல் கரி கலந்தது. அந்தக் கரி இரும்புக்குள் செதில் செதிலாகக் கிடக்கும். சூட்டை வாங்கிக் கடத்தவும் அதிர்வை விழுங்கவும் இந்த விலைக்கு அதைவிட நல்ல பொருள் அகப்படவில்லை, அதனால் நூறாண்டு கடந்தும் அதுவேதான். பேட் உரசுகிற முகத்துக்குப் பெயிண்ட் அடிக்க முடியாது; எண்ணெய் தடவினால் யமனுக்கு விருந்து வைத்ததுபோல. காரிலேயே அம்மணமாக நிற்கிற இரும்பு அது ஒன்றுதான். தண்ணீர் பட்டால் சில மணி நேரத்தில் சிவக்கும், தெருமுனை வரை போய் இரண்டு தடவை பிரேக்கை மிதித்தால் உரசிப் போய்விடும். போனேன், மிதித்தேன். மூன்று சக்கரத்தில் துரு போயிற்று.

நான்காவதிலும் போயிற்று, ஆனால் அதன் கீழே கோடுகள் இருந்தன. பழைய இசைத்தட்டில் ஊசி ஓடிய தடம்போல வட்டம் வட்டமாக. நகத்தை வைத்து இழுத்தால் இரண்டு இடத்தில் நகம் தட்டியது. கோடுகளுக்கு நடுவே ஓரிடத்தில் கருப்பாக ஒரு திட்டு, அளவெடுத்து வெட்டியதுபோல பிரேக் பேடின் உருவத்தில். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்தபோது பாதத்துக்கு அடியில் பெடல் மெல்லத் துடித்தது. ஒருமுறை உணர்ந்துவிட்டால் அதன்பிறகு அதைத் தவிர வேறொன்றும் உணராத மாதிரியான துடிப்பு.

என் பழைய காரில் பின்னால் டிரம். பதினான்கு வருடம் ஓட்டினேன். அந்த மூடிய சட்டிக்குள் என்ன நடந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்தமுறை, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் வேண்டும் என்பதற்காகவே ஒரு படி மேலான மாடலுக்குப் பணம் கட்டினேன். கண்ணுக்குத் தெரிகிற பிரேக்கை வாங்கினால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வண்டி வாங்கிய இடத்துக்குப் போனேன். சட்டையில் பெயர்ப்பட்டை குத்திய இளைஞர் முழங்காலில் கையூன்றி எட்டிப் பார்த்தார். உட்காரவில்லை. "நார்மல் சார். ஓட ஓட செட் ஆயிடும்."

இந்தச் 'செட் ஆவதை' நாம் எவ்வளவு பிரியமாக வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். புதுச் செருப்பு செட் ஆகும். மாற்றலாகிப் போன ஊர் செட் ஆகும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் செட் ஆகும். ஆகாவிட்டால் 'செட் ஆகலை' என்ற இரண்டு வார்த்தையில் ஒரு கல்யாணமே முடிந்துபோகும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம், நாள் போனால் போதும் என்கிற சமாதானம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நம்மிடம் இருந்த பழைய சொல் வேறு. மாட்டை ஏருக்குப் பழக்கினார்கள். மண்சட்டியைக் கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கினார்கள். பழக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும், அவருக்குக் கொஞ்சம் கைப்பக்குவமும் வேண்டும். பெயர்ப்பட்டை இளைஞர் அன்றைக்கு இன்னும் பதினொரு வண்டி பார்க்க வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாடியில் எனக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பிரேக் சமாசாரத்துக்குப் பாடியை விட்டால் சென்னையில் வேறு எங்கே போவது? பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கியது, அங்கேதான். சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் அங்கேதான். பஸ் நிறுத்தத்துக்கே லூகாஸ் என்று பெயர். அம்பத்தூர்ப் பக்கம் போனால் டன்லப் என்று இன்னொரு நிறுத்தம். தொழிற்சாலை ஓய்ந்து பல காலம் ஆகிவிட்டது, கண்டக்டர் குரலில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். நான் கோடுகளைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "வெளிமுகத்தப் பாத்து என்ன பண்றது? உள்முகத்தப் பாருங்க" என்று போன் வெளிச்சத்தை டிஸ்க்கின் பின்பக்கம் அடித்தார். தெருவிலிருந்து யாரும் பார்க்க முடியாத அந்தப் பக்கத்தில் பாதி அகலத்துக்குப் பழுப்பு வளையம். நடுவில் ஒரு விரற்கடை மட்டும் பளபளத்தது. பேட் அந்த ஒரு விரற்கடையில்தான் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு பானெட்டைத் திறந்து தகட்டில் இருந்த உற்பத்தி மாதத்தைப் படித்தார். செப்டம்பர். விரல்விட்டு எண்ணினார். "ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க யார்டுல நின்னுருக்கு. மார்கழியில எவனும் வண்டி எடுக்க மாட்டான். மூணு மாசம் நனைஞ்ச வண்டி சார் இது. பேட் புடிச்சிக்கிட்டு நின்ன எடத்துல அச்சு விழுந்திருக்கு." புது வண்டி என்றால் யாரும் உட்காராத வண்டி என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் உட்காராமல் நின்றதுதான் அதன் நோய் என்று எப்படித் தெரியும்.

"அது மட்டும் இல்ல. எப்படி ஓட்டுவீங்க?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் கூட வந்திருந்த என் மனைவி சொன்னாள்: "பூ மாதிரி ஓட்டுவாரு."

"அதான்" என்றார் அண்ணன்.

பூ மாதிரி ஓட்டுவதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு. தூரத்தில் சிக்னல் மஞ்சளானதுமே காலை எடுத்துவிடுவேன். வண்டி தானாகத் தளர்ந்து, கடைசியில் ஒரு தொடு தொட்டால் நிற்கும். எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்தது. பிரேக் போடுகிறவன் முன்னால் பார்க்காதவன் என்பார். அவர் ஓட்டியது சைக்கிளும், கடைசிக் காலத்தில் ஒரு மொபெட்டும். இரண்டிலும் பின் பிரேக் மட்டும்தான் பிடிப்பார். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புறத் தள்ளிவிடும் என்று நம் ஊரில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் பயம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரைக்குமான புது வண்டிகளில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று அரசாங்கம் சட்டமே போட்டுவிட்டது. பின் பிரேக்கைப் பிடித்தால் முன்னதும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பயத்தைத் தெளிவிக்க முடியாதபோது அதைச் சுற்றிக்கொண்டு போவதும் ஒரு புத்திதான்.

காரில் கதை தலைகீழ். பிரேக் மிதித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. மூக்கு இறங்கி வால் எழும்புகிறது. பாரம் குறைந்த பின் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்தால் அது உருள்வதை விட்டுச் சறுக்கும், சறுக்கினால் வண்டி பம்பரம் சுற்றும். ஆகவே அழுத்தி மிதிக்கும்போது பத்தில் ஏழு பங்கு வேலை, பல வண்டிகளில் அதற்கும் மேலே, முன் சக்கரத்துக்குத்தான். முன் டிஸ்க்கை இரண்டு தட்டாகச் செய்து நடுவே காற்று போக வழி வைத்திருப்பார்கள்; பின் டிஸ்க் பெரும்பாலும் ஒற்றைத் தட்டு. வேலையே குறைவு, அதிலும் என்னைப் போன்ற பூப்போல ஓட்டுகிறவன் வாய்த்தால் பின் பேட் டிஸ்க்கை அழுத்துவதே இல்லை, தடவிக்கொடுக்கிறது. தடவினால் துரு முழுதாகப் போகாது. போகாத துரு பொடியாகி இரண்டுக்கும் நடுவில் சிக்கி உப்புத்தாள் மாதிரி அறுக்கும். என் டிஸ்க்கில் இருந்தது உழைத்து விழுந்த கோடு அல்ல.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஏபிஎஸ்ஸோடு வருகிற கணக்குப்பிள்ளை ஒன்று இப்போது எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று கணத்துக்குக் கணம் பிரித்துக் கொடுக்கிறது. மென்மையாக மிதிக்கையில் மூக்கு இறங்காமல் இருப்பதற்காகப் பின்னுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற வண்டிகளும் உண்டு. அவற்றில் பின் பேட்தான் முதலில் தீரும். என்னுடையது அந்த ஜாதி இல்லை, அவ்வளவுதான்.

தோசைக்கல் என்று மேலே ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. அதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

அம்மாவிடம் ஒரு வார்ப்பிரும்புக் கல் இருந்தது. வாங்கிய புதிதில் ஒரு வாரம் அதில் தோசை கிடையாது. எண்ணெய் தடவிக் காய்ச்சுவாள், ஆறவைப்பாள், பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி எண்ணெயில் தோய்த்துத் தேய்ப்பாள், மறுபடி காய்ச்சுவாள். முதல் தோசை சுரண்டிக்கொண்டு வரும், காக்கைக்குப் போகும். ஆறாவது ஏழாவது நாளில் ஒரு தோசை விளிம்பு தூக்கித் தானாக எழும். அதற்குப் பிறகு அந்தக் கல்லில் ஒரு தோசையும் இரும்பைத் தொட்டதில்லை. காய்ந்து காய்ந்து கருத்துப்போன எண்ணெயின் மெல்லிய தோல் ஒன்று இரும்பின் மேல் பிடித்துக்கொள்கிறது. தோசை வேகிறது அந்தத் தோலின் மேல். யாராவது உதவி செய்கிறேன் என்று கம்பிநாரால் பளிச்சென்று தேய்த்துவைத்தால் வீட்டில் அன்றைக்குச் சண்டைதான்.

பிரேக்கிலும் நடப்பது இதுவே என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது அந்த மாதத்தில்தான். புது டிஸ்க், புது பேட். முதலில் இரண்டும் ஒன்றையொன்று சுரண்டுகின்றன. கடைசல் இயந்திரம் டிஸ்க்கில் விட்டுப்போன நுண்ணிய மேடுகள் பேடை அறுக்கும். பேடின் முகமும் இன்னும் சமமில்லை, அங்கங்கே மட்டும் தொடுகிறது. சூடு ஏற ஏற, பேடில் இருக்கும் பிசினும் கரியும் உலோகத் தூள்களும் கொஞ்சம் இளகி டிஸ்க்கின் மேல் படலமாக ஏறுகின்றன, கண்ணுக்குத் தெரியாத கனத்தில். படலம் சீராக ஏறிய பிறகு பேட் பிடிப்பது இரும்பை அல்ல, தன்னிலிருந்தே போய் அங்கே படிந்த தன்னை. ஒட்டுகிறது, பிய்கிறது, ஒட்டுகிறது, பிய்கிறது. வண்டி நிற்பது இந்தப் பிய்த்தலில். தொழிலில் இருப்பவர்கள் இதைப் பெட்டிங் என்கிறார்கள். புது வண்டியின் கையேட்டில் முதல் 200 கிலோமீட்டர், 300 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக் வேண்டாம் என்று ஒரு வரி இருக்கும். எதற்கு என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

படலம் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்துபோனால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் பெடல் துடிக்கும். "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று சொல்லி லேத்துக்குக் கொண்டுபோவார்கள். பெரும்பாலும் அது வளைவதே இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு கனம் கூடியிருந்தால் போதும், கால் கண்டுபிடித்துவிடும். தலைமுடியின் தடிமன் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அப்படித் தடித்த திட்டு மற்ற இடத்தைவிடச் சூடாகும், சூடானால் இன்னும் வாங்கிக்கொள்ளும். அளவு கடந்தால் அடியில் இருக்கும் இரும்பே கெட்டித்து வேறு பொருளாகிவிடும். சிமெண்டைட் என்று பெயர். லேத்தின் உளி அந்த இடத்தில் மட்டும் துள்ளிக்கொண்டு போகும்.

எதைத் தேயவிடுவது, எதைக் காப்பாற்றுவது என்பதுதான் பிரேக்கின் முழு வரலாறும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவருக்குச் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரோட்டிப் போனபோது, இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துகொண்டே வந்தது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்திக் கட்டைக்குத் தோல் அடித்துத் தரச் சொன்னார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அது என்பார்கள். அடுத்த பத்தாண்டுக்குள், இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைச் சரிவுகளில் குதிரை வண்டிகள் இறங்குவதற்குப் பட்ட பாட்டைப் பார்த்து ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் லைனிங் செய்யத் தொடங்கினார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்து மனைவி பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து ஃபெரோடோ என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அவர் பேடுக்குச் செம்பைப் போட்டிருந்தார். அது போட்ட கிறீச்சலில் டிஸ்க் பிரேக் பிழைக்கவில்லை. கூச்சலை அடக்கியது ஃபுரூடின் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங். அதற்கு யார் யாருடைய நுரையீரல் விலை கொடுத்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 1953இல் லெ மான் பந்தயத்தில் ஒரு ஜாகுவார் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்கோடு ஓடி ஜெயித்த பின்னர்தான் உலகம் டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பிரேக்கைச் செய்து கொடுத்தது டன்லப். ஆமாம், அம்பத்தூர் நிறுத்தத்தின் அதே பெயர்.

நம் பக்கம் வந்தால், திருவாரூர் ஆழித்தேர். ஏறத்தாழ 300 டன் எடை என்கிறார்கள். திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. அப்படியும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இல்லாமல் தேர் திரும்புவதில்லை. அவ்வளவு பெரிய சக்கரத்தின் வாயில் கட்டையைக் கொடுத்துவிட்டுச் சரியான கணத்தில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். கட்டை நசுங்கும், உரசிப் புகையும், சிராய் சிராயாகப் பிய்ந்து தெருவில் கிடக்கும். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த முனைக்கு வேறு கட்டை. காரியத்தைக் கெடுக்கிறவனை முட்டுக்கட்டை என்று திட்டுவது நம் வழக்கம். திட்டுகிறவர்களை அந்தத் தேரின் திருப்பத்தில், மூலைவீட்டுத் திண்ணையில் ஒரு நாழிகை உட்காரவைக்க வேண்டும்.

அண்ணன் லேத் வேண்டாம் என்றார். "புது டிஸ்க். லேத்துல ஏத்துனா அரை மில்லி போயிடும், அவ்வளவுதான் உங்க சொத்து." விளிம்பில் வார்த்திருந்த எழுத்தைக் காட்டினார்: குறைந்தபட்சம் 8.4. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் 9.9. ஒரு பின் டிஸ்க்கின் முழு ஆயுளும் ஒன்றரை மில்லிமீட்டர்தான் என்று அப்போது எனக்கு உறைத்தது. பேடுகளைக் கழற்றி முகத்தை உப்புத்தாளில் எட்டு போட்டுத் தேய்த்தார். டிஸ்க்கைக் குறுக்கும் நெடுக்கும் தேய்த்துத் திட்டைக் கலைத்தார். காலிப்பர் பின்னை உருவித் துடைத்து கிரீஸ் வைத்தார். "வாரண்டி போயிடாதா?" என்று மனைவி கேட்டாள். அவர் உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் காலத்துல டிரம்மக் கழட்டுனா மொதல்ல வாயால ஒரு ஊது ஊதுவோம்" என்றார் சக்கரத்தை மாட்டிக்கொண்டே. "கண்ணெல்லாம் தூசி. இப்ப நெனச்சா..." முடிக்கவில்லை. நட்டை இறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை. பின் சீட்டில் மனைவியும், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் கனமான இரு சகோதரர்களும். பின்னால் பாரம் இருந்தால்தான் பின் பிரேக்குக்கு வேலை வரும் என்பது அண்ணன் ஏற்பாடு. டிபன் வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்துவந்தோம். அண்ணன் என் பக்கத்தில். அறுபதுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பதினைந்துக்கு இறக்க வேண்டும், முழுக்க நிறுத்தக் கூடாது. ஒரு கிலோமீட்டர் ஆறவிட்டு மறுபடி. பத்துத் தடவை.

"மிதிங்க."

மிதித்தேன்.

"இது மிதியா? கோலம் அழிஞ்சிடும்னு நடக்குற மாதிரி இருக்கு. மிதிங்க சார்."

கால் கேட்கவில்லை. முப்பது வருடமாக அப்படி மிதிக்காமல் இருந்ததுதான் என் சாமர்த்தியம். மூன்றாவது தடவைதான் பாதம் முழுவதும் இறங்கியது. மூக்கு அமிழ்ந்தது, பின்னால் மூன்று பேரும் "ஓ" என்று முன்னே வந்தார்கள். ஆறாவது தடவை ஜன்னல் வழியாக ஒரு வாசனை, கருகிய பழைய ரேடியோப் பெட்டியின் வாசனை. பேடின் பிசின். "வருது பாருங்க" என்றார் அண்ணன், பொங்கல் பானையைப் பார்க்கிற முகத்தோடு.

பிறகு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்தும்போது பிறக்கிற சூட்டில் சென்னைக் குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்கலாம். நாற்பது என்றால் கால் லிட்டர்தான். வேகம் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. அன்றைக்கு நாங்கள் அந்தச் சாலையில் ஐந்தாறு லிட்டரைக் கொதிக்கவைத்திருக்கிறோம். அத்தனையும் நான்கு இரும்புத் தட்டுகளுக்குள் போய் அங்கிருந்து காற்றில் கலந்தது.

கடைசி வேலை சர்வீஸ் ரோட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில். "ரிவர்ஸ் போடுங்க. கொஞ்சம் வேகமா. இப்ப மிதிங்க." எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னோக்கிப் போகும்போது பாரம் சாய்வது பின்பக்கம். பின் சக்கரம் அப்போது முன் சக்கரமாகிவிடுகிறது. பிறந்ததிலிருந்து ஒரு வேலையும் பெறாத அந்த டிஸ்க்குக்கு ஐந்தாறு தடவை முழு வேலை கிடைத்தது. முதல் இரண்டு தடவை கர்ரென்றது. பிறகு சத்தம் இல்லை.

சூடாக இருக்கும்போது பிரேக்கில் கால் வைத்தபடி நிற்கக் கூடாது, நின்றால் பேட் தன் அச்சை மறுபடி பதித்துவிடும். பத்து நிமிடம் சும்மா உருட்டி ஆறவிட்டு, இட்லிக்கடை வாசலில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, அண்ணன் பக்கத்துக் கட்டடத்திலிருந்து இரண்டு செங்கல்லை எடுத்துவந்து டயருக்கு முட்டுக் கொடுத்தார்.

சக்கரத்தின் மேலெல்லாம் கரித்தூள். விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. டிஸ்க்கும் பேடும் சேர்ந்து இழந்தது. இதன் கொஞ்சம் சக்கரத்தில் தங்கும், மிச்சம் சாலைக்குப் போகும், மழையில் கால்வாய்க்குப் போகும். பேடில் செம்பு சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அந்தத் தூள் ஓடைகளுக்குப் போய் சால்மன் மீன்களின் மோப்ப சக்தியைக் கெடுக்கிறது என்று தெரிந்தபின் 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் போட்டன. ஐரோப்பாவின் யூரோ 7 விதிகளில் புகைக்குழாயோடு பிரேக்குக்கும் முதன்முறையாக அளவு வந்திருக்கிறது: சாதாரண காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் தூசி, முழு மின்சாரக் காருக்கு 3. மீனுக்கு மூக்கு உண்டு என்பதும் அந்த மூக்கை என் கால் மிதிப்பதும் ஒரு பிரேக் டிஸ்க்கைப் பற்றிப் படிக்கப் போய்த் தெரிந்தவை.

மின்சாரக் காரில் பிரேக்கின் பெரும்பகுதி வேலையை மோட்டாரே செய்துவிடுகிறது. வேகத்தைத் திரும்ப மின்சாரமாக்கிக்கொள்கிறது. அப்போது பின் டிஸ்க் என்னுடையதைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 கார்களில் பின்னால் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பழைய டிரம்மையே போட்டது. நான் கூடுதல் பணம் கொடுத்து எதிலிருந்து வெளியே வந்தேனோ அதற்குள் அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். சிரிப்பு வந்தது, முழுச் சிரிப்பு இல்லை.

இரண்டு மாதம் ஆயிற்று. திட்டு போய்விட்டது. பெடலில் துடிப்பு இல்லை. உள்முகத்தின் பழுப்பு வளையம் விளிம்போரமாக ஒரு கீற்றாகச் சுருங்கியிருக்கிறது. கோடுகளில் ஒன்று மட்டும் இன்னும் நகத்தில் தட்டுகிறது. "அது இருக்கட்டும், பேடு அதுக்கேத்த மாதிரி வளர்ந்துக்கும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். பேட் தேயும், வளராது. ஆனால் அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி கழுவிவிட்டுப் போனதும் வண்டியை ஒரு சுற்று எடுத்துவந்து டிஸ்க்கைக் காயவைப்பது என் வேலை. போன வாரம் முழங்கால் வலி என்று மனைவியிடம் சாவியைக் கொடுத்தேன். அவள் ஓட்டுவதில் எனக்கு எப்போதும் ஒரு ஆட்சேபம் உண்டு: கடைசி வரைக்கும் வேகத்தைக் குறைக்க மாட்டாள், அப்புறம் நறுக்கென்று பிடிப்பாள். இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றும் பால் பூத் திருப்பத்தில் நறுக்கென்று பிடித்தாள். தண்ணீர்த் தொட்டி முனையில் ஒரு நாய்க்காக இன்னொரு முறை. நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் வலப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டேன்.

"என்ன, சூடா இருக்கா?" என்றாள்.

கையை அருகே கொண்டுபோனேன். இருந்தது.